மகன் விட்டுப்போன நாய்

குண்டு நாய்க்குக் காப்பீடு கிடையாதாம் என்று சலவைக்கடைக்காரர் எங்கோ கேட்டுவந்து சொன்னதிலிருந்து தையல்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளிநாடு போன மகன் விட்டுச்சென்ற நாய் அது. அவன் நினைப்பு வரும்போதெல்லாம் அதற்கு ஒரு பிஸ்கட் கொடுப்பாள். நினைப்போ ஓயாமல் வந்தது.

"இது நாயா, தலகாணியாம்மா?" என்றார் கால்நடை மருத்துவர். "மூட்டு தேஞ்சிருக்கு. தின்னு வந்த நோவுன்னா காப்பீட்டுக்காரங்க கையை விரிச்சிடுவாங்க."

"பாசத்துல குடுத்தேன் டாக்டர்."

"பாசம் இருக்கட்டும், பிஸ்கட்டைக் குறைங்க."

காப்பீடு மகன் பெயரில் இருந்தது. நாயின் புது எடையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அவன்தான் எழுதி அனுப்ப வேண்டும். திட்டுவான். திட்டினாலும் அவன் குரல்தானே என்று ஆசையாகக் கைபேசியில் அவன் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.