ஒற்றைக் கார் பிரிவு

சென்ற வருடம் எனக்கு ஒரு முதல் பரிசு கிடைத்தது. அந்தப் பிரிவில் என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டவில்லை. மைக்கில் என் பெயரைச் சொன்னதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் வாங்க ஆளில்லாததால் போட்டோவில் நான் மட்டும் ஊன்றுகோலோடு நிற்கிறேன், கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்ட விருந்தாளி மாதிரி.

எங்கள் பந்தயத்துக்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். கோவையில் மூடிப்போன ஒரு மில்லின் பின்பக்க மைதானத்திலோ, காங்கேயம் பக்கம் மழை பொய்த்துத் தரிசாகக் கிடக்கும் காட்டிலோ ஆரஞ்சு நிற கோன்களை வரிசையாக வைத்து, வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவோம். அதில் ஒவ்வொரு காராகத்தான் விடுவோம். குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயித்தவர். கோன் ஒன்றை இடித்தால் நேரம் கூடும். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வாரம் முழுக்க வேறு பிழைப்பு பார்க்கிறவர்கள். நான் பீளமேட்டில் பம்புசெட் பாகங்கள் கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கிறேன்.

இதில் பெரிய தலைவலி பந்தயம் அல்ல, பிரிவு பிரிப்பதுதான். யானையையும் ஆட்டையும் ஒரே கயிற்றில் கட்ட முடியாதே. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்கள் 'ஸ்டாக்' பிரிவு. டயர் அளவு மாறக் கூடாது, சைலன்சர் மாறக் கூடாது, சீட்டைக் கழற்றக் கூடாது. எஞ்சின் முதற்கொண்டு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு 'ஓப்பன்' பிரிவு. பணமும் பைத்தியமும் ஒன்றாக இருக்கிறவர்கள் அங்கே ஓட்டுவார்கள். இந்த விதிகளை எழுதியது இரண்டு பேர். ஒருவன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த நண்பன். இன்றும் பந்தயத்தன்று காலையில் ஒவ்வொரு காரையும் சோதித்து உள்ளே விடுகிறவன் அவன்தான். இன்னொருவன் நான்.

நான் மோசமான ஆள். டார்ச் லைட்டோடு காருக்கு அடியில் படுத்து, புதிதாக ஒரு நட்டு தெரிந்தாலும் கேள்வி கேட்பேன். ஒரு தடவை காங்கேயத்திலிருந்து நீலக் கார் ஒன்று வந்தது. ஓட்டுகிறவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், வீட்டில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தார்கள். காரில் பின் சீட்டு இல்லை. சீட்டு இல்லையென்றால் எடை குறையும், வண்டி சிட்டாய்ப் பறக்கும்.

"சீட்டு எங்கீங்க?" என்றேன்.

"ஊட்டுல இருக்குதுங்கண்ணா. மூட்டை ஏத்தறதுக்குக் கழட்டுனது, மாட்ட மறந்துபோட்டனுங்க."

"அப்ப ஓப்பன்ல ஓட்டுங்க."

"என்ர வண்டி அதுல என்னத்துக்குங்கண்ணா ஆகும்?"

"அது உங்க பாடு."

அவர் சண்டை போடவில்லை. "செரீங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் காங்கேயம் வரை திரும்பிப் போய், சீட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் ஸ்டாக் பிரிவு முடிந்துவிட்டது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நான் பப்ஸைக் கடித்துக்கொண்டே நண்பனிடம் சொன்னது நினைவிருக்கிறது. அதில் தவறு இருப்பதாக இப்போதும் நான் நினைக்கவில்லை. அடுத்த பந்தயத்துக்கு அவர் சீட்டோடு வந்து ஸ்டாக்கில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தது நான்.

பிறகு ஒரு நாள் பட்டறை வாசலில் வார்ப்பு இரும்பு இறக்க வந்த வேன் பின்பக்கமாக நகர்ந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் நான் இருந்தேன். இடது கால் முழங்காலுக்கு மேல் போய்விட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

காரில் இடது காலுக்கு ஒரே வேலைதான், கிளட்ச்சை மிதிப்பது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்கு. செயற்கைக் காலை வைத்து மிதித்துப் பார்த்தேன். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கட்டைக்கு எப்படித் தெரியும்? வண்டி குதித்துக் குதித்து நின்றது. கடைசியில் பைக்கில் இருக்கிற மாதிரி ஒரு கிளட்ச் லீவரை நானே செய்து கியர் தண்டில் பொருத்தினேன். அங்கிருந்து கேபிள் கிளட்சுக்குப் போகும். இடது கையே லீவரைப் பிடித்து, அதே கையே கியரையும் தள்ளும். ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி அனுமதியும் வாங்கினேன். ஆர்.சி.யில் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று பதிந்து கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழகிக்கொண்டு, அடுத்த பந்தயத்துக்குப் போனேன். சோதனைக்காக வரிசையில் நின்றேன். நண்பன் வந்து ஜன்னலில் குனிந்து லீவரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நாங்கள் இருவரும் பதினாறு வயதிலிருந்து வாடா போடா என்றுதான் பேசுவோம்.

"எப்படி இருக்கீங்க?" என்றான்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் ஒருவனைத் தள்ளி வைப்பதென்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. ஒரு 'ங்க' போட்டால் போதும்.

"ஸ்டாக்குடா. நம்பர் ஸ்டிக்கரை ஒட்டு" என்றேன்.

"கிளட்ச்சும் கியரும் கம்பெனியில வந்த மாதிரியே இருக்கோணும்னு போட்டிருக்குதுங்களே. நீங்க எழுதுனதுதானுங்க."

நான் எழுதியதுதான். எவனோ ஒருவன் கியர் தண்டை அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டு வந்தபோது எழுதினேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரிதான். ஆனால் எனக்கு அன்று வந்தது வெறும் கோபம். கால் இல்லாதவன் கிளட்ச்சை எதால் மிதிப்பான் என்று கத்தினேன். நண்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆர்.சி.யிலேயே மாற்றியமைத்தது என்று இருக்கும்போது அதை எப்படி ஸ்டாக் என்று எழுதுவது என்று மெதுவாகக் கேட்டான். சட்டப்படி ரோட்டில் ஓட்டுவதற்காக நான் வாங்கிய முத்திரை, பந்தயத்தில் எனக்கு எதிரான சாட்சியாக நின்றது.

அன்று ஓட்டாமல் திரும்பினேன். அடுத்த வாரம் பீளமேட்டில் நாங்கள் வழக்கமாகக் கூடும் பேக்கரியில் பேச்சு நடந்தது. ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள், டீயைக் கையில் எடுத்துக் கொடுத்தார்கள். நான் இல்லாத சமயத்தில் ஸ்டாக்கில் ஜெயித்துக்கொண்டிருந்த நூல் வியாபாரி மட்டும்தான் விஷயத்தைப் பேசினார்.

"அண்ணன் மேல எனக்கு ரொம்ப மரியாதைங்க. ஆனா கையிலயே கிளட்ச், கையிலயே கியரு. நாங்க காலைத் தூக்கி வெக்கறதுக்குள்ள அவரு கியர் மாத்திப்போட்டுப் போயிருவாருங்க. அது நாயமுங்களா?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மேசையில் எனக்கு அவரை மட்டும்தான் பிடித்திருந்தது. என்னிடம் தோற்றுவிடுவோம் என்று அவர் ஒருவராவது பயந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாதங்கள் இருந்தன. லீவரைப் பிடிக்கிற நேரமெல்லாம் ஸ்டியரிங்கில் எனக்கு ஒரு கைதான், வளைவில் அது எத்தனை கஷ்டம் என்று சொன்னேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். "பாத்துக்கலாமுங்க" என்றார்கள். இது மரியாதையான 'முடியாது' என்று கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பார்த்தார்கள். அடுத்த பந்தயத்துக்குப் புதிதாக ஒரு பிரிவு உண்டாக்கியிருந்தார்கள். 'மாற்றியமைக்கப்பட்ட வாகனங்களுக்கான சிறப்புப் பிரிவு.' அறிவிப்பில் பன்மையில்தான் போட்டிருந்தது. வந்த வாகனம் ஒன்று.

அன்று முதல் சுற்றில் நான் கேவலமாக ஓட்டினேன். இரண்டு கோன்களை இடித்தேன், ஒரு வளைவில் வண்டியே நின்றுவிட்டது. கூட்டம் கைதட்டியது. இரண்டாவது சுற்றில் சுத்தமாக ஓட்டினேன். அதற்கும் அதே கைதட்டல்தான். போய், எல்லோருடைய நேரமும் எழுதிய பலகையைப் பார்த்தேன். ஸ்டாக்கில் ஓட்டியிருந்தால் நான் மூன்றாவதாக வந்திருப்பேன். அதைக் கவனித்தது நானும், கொஞ்சம் தள்ளி நின்று அதே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த நூல் வியாபாரியும் மட்டும்தான். அவர் தன் கார்ப் பக்கம் போய்விட்டார்.

கப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, எத்தன பேர்த்த ஜெயிச்சீங்க?"

"யாரையும் இல்ல அம்மணி."

அவள் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தேன், கொடியில் துணி காயப்போடுகிற கிளிப்புகள் அந்தக் கப்பில் இருந்தன. அதற்குச் சரியான இடம் அதுதான் என்று எனக்கும் பட்டது.

எனக்கு வேண்டியது கப் அல்ல. ஸ்டாக் பலகையில் மற்றவர்களின் பெயர்களுக்கு நடுவில் என் பெயர் இருக்க வேண்டும், கடைசியில் இருந்தாலும் சரி. இதை நான் வருடம் முழுக்க நண்பனிடம் சொன்னேன். போனில் சொன்னேன், பேக்கரியில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் "அடுத்த மீட்டிங்ல பேசிக்கலாமுங்க" என்றான். அதற்குள் இன்னும் மூன்று கப்புகள் வந்து சேர்ந்தன. கடைசியில் எனக்கு அலுத்துவிட்டது. ஸ்டாக்கில் விடாவிட்டாலும் பரவாயில்லை, என் பிரிவில் எனக்கு எதிராக ஓட்ட இன்னொரு ஆளையாவது பிடித்துக் கொடு என்று கேட்டேன். ஒரே ஒரு ஆள் போதும், அவனிடம் தோற்றுப்போகிறேன் என்றேன். அதன் பிறகு இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். சாமி கும்பிடும்போதும் இது மனதில் வரும்.

இந்த வருடம் காங்கேயம் பந்தயத்துக்கு முந்தின வாரம் நண்பன் போன் செய்தான். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"உங்க க்ளாஸுக்கு ஒரு ஆள் கெடச்சுட்டாருங்க!"

எனக்கும்தான் உற்சாகம். அந்த வாரம் பட்டறையில் வேலையே ஓடவில்லை. கேபிளை மாற்றினேன், டயரில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். லீவரை மாவு பிசைவது போல அழுத்தி அழுத்திக் கையைப் பழக்கினேன். என் மனைவி நானும் வருகிறேன் என்றாள். கால் போன பிறகு அவள் பந்தயத்துக்கு வந்ததே இல்லை.

காட்டில் வண்டிகள் நின்ற வரிசைக்குப் போனதும் அந்தக் காரைப் பார்த்தேன். நீலக் கார். பின் சீட்டு இருந்தது. கியர் தண்டில் புது லீவர், புதுக் கேபிள். டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது. அந்த எண்ணெய் மில்காரர் காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் பேண்ட்டை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். வெள்ளகோவில் ரோட்டில் பைக்கில் போகும்போது லாரி அடித்துவிட்டதாம். போன ஆடி மாதம்.

ஆடி மாதத்தில் நான் நண்பனிடம் ஆள் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு ஆள் போதும் என்று கேட்டேனே, என் பிரிவுக்கு ஆள் எப்படி வரும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? என் மனைவி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டதால் அது நடக்கவில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

"நீங்க இருக்கறதுனாலதானுங்கண்ணா நான் வந்தேன்" என்றார். "ரூல் எழுதுனது நீங்கதானுங்களே. நம்ம ரெண்டு பேர்த்தையும் ஸ்டாக்குல எப்பங்கண்ணா உடுவாங்க?"

பக்கத்தில் நின்ற நண்பன் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"உடமாட்டாங்க."

அவர் முகம் அப்படியே நின்றது. நண்பன் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டான். அவர் என்னிடம் கேட்டார்.

"அப்பறம் யாரைங்கண்ணா முந்தறது?"

"என்னய முந்துடா" என்றேன்.

வாய் தவறி வந்த 'டா' இல்லை அது. எனக்கு ஒரு வருடமாக யாரும் கொடுக்காதது அது. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

முதலில் அவன்தான் ஓட்டினான். மைக்கில், சிறப்புப் பிரிவில் இந்த முறை கடும் போட்டி என்று அறிவித்தார்கள். லீவர் அவன் கைக்கு இன்னும் பழகவில்லை. முதல் வளைவை ஒப்பேற்றினான். இரண்டாவதில் லீவரைச் சட்டென்று விட்டுவிட்டான். வண்டி ஒரு குதி குதித்துப் பக்கத்திலிருந்த கோன்களைச் சாய்த்துக்கொண்டு புழுதியில் நின்றது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நண்பன் தட்டினான், நூல் வியாபாரியும் தட்டினார். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அவன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்ப்பது தெரிந்தது.

நான் தட்டவில்லை. கயிற்றோரம் போய் ஊன்றுகோலை ஊன்றி நின்று, என் தொண்டையில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"மூணு கோன் போச்சுடா! நேரம் ஓடுது, வண்டிய எடு!"

பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவன் தலையைத் தூக்கினான். லீவரைப் பிடித்து, மறுபடியும் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.