டில்லிக்குப் போன செந்தூரா

நாகரசம்பட்டி கோவிந்தப்பனிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், மாங்காயை எந்தப் பதத்தில் பறிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். பெங்களூருக்குச் செங்காய். மெட்ராசுக்கு முற்றிய காய். பம்பாய்க்குப் பல் இறங்காத பச்சை. கூடை போய்ச் சேரும் அன்று பழம் கமகமக்கும். எந்த வியாபாரியும் குறை சொன்னதில்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, தொழில் தெரிந்தவருக்கு இல்லாமல் யாருக்கு இருக்கும்?

ஐம்பத்தாறாம் வருஷம் வைகாசியில், டில்லியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் செல்வம்மாளுக்கு மசக்கை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. துரும்பாய் இளைத்துவிட்டாள். ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் வந்த மருமகன் ராஜப்பன் ஒரு நடை ஊருக்கும் வந்து சொன்னார். "வூட்டு மரத்துச் செந்தூராப் பழம் வேணும்னு அழுவறா மாமா. நான் ஏரோப்ளேன்லதான் திரும்பிப் போறேன். காலையில ஏறினா பொழுது சாய டில்லி."

கோவிந்தப்பன் உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். தாமே மரமேறி, இருப்பதிலேயே கெட்டியான காயாகப் பார்த்துப் பறித்துக் கூடையில் வைக்கோலோடு அடுக்கினார். மனைவி வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க இது? அன்னிக்கே போயிடும்னு மாப்பிள்ள சொல்றாரே. பழுத்ததா நாலு போடுங்களேன்."

"ஆயிரம் மைலுக்கு மேலடி! ஏரோப்ளேன்ல போனா டில்லி கிட்ட வந்துடுமா? மாங்கா பறிக்க எனக்கே சொல்லித் தர்றியா?"

மருமகனை வழியனுப்பப் பெங்களூர் வரை போனார். விமானம் மேகத்தில் மறைந்த பிறகு, மூட்டை ஏற்றிய ஆளிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். "எப்போ போய்ச் சேரும்?" "நீங்க ஊர் போய்ச் சேர்றப்ப அதுவும் டில்லி சேர்ந்துடும்" என்று அவனும் கன்னடத்திலேயே சொல்லிச் சிரித்தான். கோவிந்தப்பன் நம்பவில்லை. சூளகிரியில் பஸ் பழுதாகி நின்று, ஒருவழியாக வீட்டு வாசலில் கால் வைத்தபோது விளக்கேற்றிவிட்டார்கள். கூடையும் இந்நேரம் டில்லி சேர்ந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. சோறு இறங்கவில்லை.

"பழம்னு கேட்ட புள்ளைக்குக் கல்லை அனுப்பிட்டேனே வெள்ளையம்மா!"

"கூடை வந்து சேர்ந்தது, சௌக்கியம்" என்று டில்லியிலிருந்து ஒரு கார்டு வந்ததோடு சரி. அந்த மாம்பருவம் முழுக்க அவர் வீட்டில் ஒரு பழமும் தின்னவில்லை.

ஐப்பசியில் செல்வம்மாள் பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். "அந்தக் காயி..." என்று ஆரம்பித்த கோவிந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதாம்பா என்னைப் பொழைக்க வெச்சிச்சு. பழம்னு கேட்டது நான்தான். ஆனா அவரு ஊருக்கு வந்திருந்தப்ப பக்கத்து வூட்டம்மா ஒரு பழம் குடுத்தாங்க, அந்த வாசனைக்கே கொடலைப் புரட்டிச்சு. நீ அனுப்பின காயைக் கீறி உப்பும் மொளகாப் பொடியும் தொட்டுத் தின்னேன். அதுதான் வயித்துல தங்கிச்சு. மிச்சம் வைக்கோல்லயே கெடந்து பழுத்துச்சு. அதுக்குள்ள எனக்கும் வாந்தி நின்னுடுச்சு, ஒண்ணு விடாம தின்னேன்."

கோவிந்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "பின்ன? வாயும் வயிறுமா இருக்கறவளுக்கு என்னா அனுப்பறதுன்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாளே ஊர் முழுக்க அந்தக் கதைதான். வெள்ளையம்மா ஒருநாளும் காட்டிக் கொடுத்ததில்லை. அளப்பு ரொம்ப மிஞ்சிப் போனால் மட்டும் உள்ளேயிருந்து கேட்பாள்:

"ஏங்க, டில்லி எம்மாந் தூரம்?"

"பெங்களூர்லருந்து நம்ம வூடு எம்மாந் தூரமோ, அம்மாந் தூரம்தான்" என்பார், குரல் தானாக இறங்கிவிடும். அதில் பாதி வெட்கம். மீதி, மகள் அவ்வளவு கிட்டத்தில்தான் இருக்கிறாள் என்ற சந்தோஷம்.