மஞ்சள் கையுறை

எங்கள் நாடகக் குழுவுக்குக் கம்பெனிப் பணம் வாங்கித் தந்தவள் நான்தான்.

ஏழு பேர் கொண்ட குழு. எல்லோரும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனையில் நாடகம் போடுவோம். பிரஸ் மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்த ஒரு தொழிலாளியின் கதை. நடித்தவருக்கே நடந்தது அது. வெளியில் போனால் வலது கையை பேன்ட் பாக்கெட்டை விட்டு எடுக்க மாட்டார். டீ குடிப்பதுகூட இடது கையால்தான். ஆனால் நாடகத்தின் முடிவில், வசனம் எதுவும் இல்லாமல், அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். கூட்டத்தில் அடிபட்டவர்களும் கையைத் தூக்க வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். முதலில் ஒருத்தர் தூக்குவார், அப்புறம் நாலு பேர். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தார்.

மைக்குக்கும் வண்டிக்கும் ஆளாளுக்குக் காசு போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கம்பெனி கலைக்கு உதவுகிறது என்று கேள்விப்பட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினேன். வெறும் நாடகம் என்றால் இப்போது யாரும் தருவதில்லை, விழிப்புணர்வு என்று போடுங்கள் என்றார்கள் கம்பெனியில். 'பாதுகாப்பு விழிப்புணர்வு நாடகம்' என்று போட்டேன். உடனே கிடைத்தது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

கம்பெனி வளாகத்திலேயே, தொழிலாளிகள் முன்னால் நாடகம். தொடங்க அரை மணி இருக்கும்போது, நிதியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி வந்தாள். சின்னப் பெண், ரொம்ப மரியாதை.

"மேடம், நாடகம் அப்படியே இருக்கட்டும். கடைசி சீன் போட்டோ ரிப்போர்ட்ல போகும். நெகட்டிவா இருக்கக் கூடாதுன்னு மேல சொல்றாங்க. சார் இந்த கிளவுஸ் மட்டும் போட்டுக்கட்டுமே?"

மஞ்சள் கையுறை, கம்பெனி முத்திரையோடு. தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டு அவருடைய வலது கையில் மாட்டிவிட்டேன். இரண்டு விரல் தொளதொளவென்று தொங்கியது. மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியைக் கிழித்து, உள்ளே திணித்து, இரண்டையும் நிமிர்த்தி வைத்தேன். நானா செய்தேன்? நான்தான் செய்தேன்.

முடிவில் அவர் கையைத் தூக்கினார். ஐந்து விரலும் நேராக நின்றன. கூட்டத்தில் ஒரு கைகூட எழவில்லை. எப்படி எழும்? நன்றாகக் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

நானும் அவரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். கண்டபடி திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். திட்டவில்லை. டீக்கடையில் நின்றோம். டம்ளரை வலது கையால் வாங்கினார். மஞ்சள் கையுறை அப்படியே இருந்தது.

"இன்னாண்ணே, இன்னும் கழட்டலியா?"

"இருக்கட்டும்மா" என்றார். "ஒருத்தரும் உத்துப் பாக்கல பாரு. இத்த நானே வச்சிக்கினா, கம்பெனில எதுனா கேப்பாங்களா?"