சிவப்பு நட்டுக்காகச் சண்டை போட்டவர்

மாதக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்குச் சேலம் புளி மண்டியில் கிடைத்தது. லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். அரூரிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, "களிக்கடை மாதம்மா செத்துட்டாளாம். இனிமேட்டு சகுனத் தடையில்லாம வண்டி கெளம்பும்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் லோடை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அக்காவை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிரித்தவர்களும் படிக்கட்டும், வெட்கம் மிச்சமிருந்தால் தலைகுனியட்டும்.

மாதம்மாளின் கணவர் முனுசாமி அண்ணன் லாரி டிரைவர். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துப் பழைய லாரிகளை ஏலம் விட்டார்களே, அதில் ஒன்றை அவருடைய முதலாளி எடுத்தார். அந்த முதலாளியின் பெயர் என் வாயால் வேண்டாம். அந்த லாரியின் இரும்புச் சக்கரம் நாம் பழகிய சக்கரம் அல்ல. சாதாரணச் சக்கரத்தில் நட்டுகள் ஒரே வட்டமாக இருக்கும். இதில் இரண்டு வட்டம். உள்வட்டத்து நட்டுகள் சக்கரத்தை அச்சோடு பிடிப்பவை. வெளிவட்டத்து நட்டுகள் சக்கரத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பவை. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால் சக்கரம் வெடித்துப் பிளந்துவிடும். அதற்காகவே பட்டாளத்தில் அந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

முதலாளி வீட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது அந்தச் சிவப்பைப் பார்த்து, எவனோ போன பூஜைக்கு வைத்த குங்குமம் என்று தேய்த்தார்கள். தேய்த்தும் போகவில்லை. உடனே சக்கரம் முழுக்கக் கறுப்புப் பெயிண்டைப் பூசினார்கள். அதன் பிறகு, பக்திக்குக் கேட்க வேண்டுமா, இரண்டு வட்டத்திலும் ஒரு நட்டு விடாமல் சந்தனம், குங்குமம்! எதைத் தொடக்கூடாது என்று எந்த டிரைவருக்குத் தெரியும்? தேய்ந்துபோன டயரை மாற்றப் போன முனுசாமி அண்ணன் ஸ்பானரை வெளிவட்டத்தில் வைத்தார். முகத்தை மூடித்தான் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார்களாம்.

"கழட்டத் தெரியாதவன் கழட்டிட்டான்" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார்!

நான் பட்டாளத்தில் டிரைவராக இருந்துவிட்டு அதற்குப் பிறகுதான் ஊர் திரும்பினேன். துக்கம் கேட்கப் போன என்னை மாதக்கா பிளந்து கிடந்த சக்கரத்தருகே கூட்டிப்போனார். அரிவாள் நுனியால் ஒரு நட்டைச் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் சிவப்பு. "இது என்னா தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த நட்டையும் சுரண்டிப் பார்த்தார். "அப்ப எங்கூட்டுக்காரருக்குத் தெரியாம இல்ல. தெரியவுடாம மூடிப்புட்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அரூர் ரோட்டில் அவருடைய களிக்கடை முன் எந்த லாரி நின்றாலும் சோதனைதான். "ஒத்த வட்டமா, ரெட்ட வட்டமா?" என்பார். ரெட்டை என்றால் சுரண்டிப் பார்த்து, வெளிவட்டத்துக்குச் சிவப்புப் பூசிய பிறகே தட்டில் களி விழும். டிரைவர்கள் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு, "யக்கா, ஒத்தையா ரெட்டையா?" என்று கேலி செய்வார்கள். "சிரிங்க, சிரிங்க. காத்த எறக்கிட்டு அப்பறம் கைய வெய்யுங்க" என்பார் அவர்.

ஒருமுறை பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து வந்த லாரிக்காரன் கடை முன்னாலேயே வெளிவட்டத்தில் ஸ்பானரை மாட்டிவிட்டான். அக்கா ஓடிப்போய்க் களி கிண்டும் கட்டையால் அவன் மணிக்கட்டில் ஒரு போடு போட்டார்.

"ஒனக்கென்ன மறை கழண்டுபோச்சா?" என்று அவன் கத்தினான்.

"எனக்குக் கழண்டா ஊரு சிரிக்கும். இது கழண்டா ஒம்பொண்டாட்டி என்னாட்டம் நிப்பா."

உயிர் தப்பியவன் நன்றி சொன்னானா? தாலியறுத்தவள் கை பட்ட தோஷம் என்று சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போனான். தூ!

மறு ஆயுத பூஜைக்கு அக்கா பெயிண்ட் டப்பாவோடு முதலாளியின் கொட்டகைக்கே போனார். நானும் உடன் போனேன். "நல்ல நாளும் அதுவுமா ஒரு முண்டச்சி செவப்ப எடுத்துக்கிட்டு வந்து நிக்கறாளே!" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். அக்கா குரலைக்கூட உயர்த்தவில்லை. "செவப்ப எனக்கு வெக்கச் சொல்லலீங்க. அந்த நட்டுக்கு வெய்யுங்க" என்றார். ஆள் வைத்து இருவரையும் வெளியே தள்ளினார்கள். மற்ற லாரிக்காரர்கள் தேங்காய் உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காய்ச்சலில் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. நான் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தபோது பாடையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டுக்கு அந்த முதலாளியும் பெரிய மாலையோடு லாரியில் வந்து இறங்கினார். "தங்கமான பொம்பளைங்க. எவ்ளோ பொறுமை!" என்றார். பொறுமையாம்! யாரைச் சொல்கிறார்? உயிரோடு இருந்தவரை அபசகுனம். பாடையில் ஏறியதும் தங்கம். ஆளைக் கொன்ற சக்கரத்தைப் பற்றி அன்றும் ஒரு வார்த்தை இல்லை. அவர் வந்த லாரியைப் பார்த்தேன். ரெட்டை வட்டம். முழுக்கக் கறுப்பு.

அக்காவின் பொறுமையை வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். அப்படியொன்றை நான் பார்த்ததில்லை. நான் எடுத்துக்கொண்டது அவருடைய சண்டையை. சிதைக்குத் தீ வைத்ததும் நேரே போய், கிளம்பத் தயாரான அந்த லாரிக்கு முன்னால் நின்றேன். சிவப்பு வைக்காமல் இந்த வண்டி நகராது என்றேன். "எழவு எடத்துல என்னய்யா ரகளை? ஏத்துடா வண்டிய மேல!" என்று முதலாளி கூச்சலிட்டார்.

டிரைவர் என்ஜினை நிறுத்தினான். கீழே இறங்கி வந்து, "எதத் தொடக்கூடாதுங்கண்ணா?" என்று என்னிடம் கேட்டான். காட்டினேன். அவன் சக்கரத்தருகே குந்தி, நகத்தால் கறுப்பைச் சுரண்ட ஆரம்பித்தான்.