பெரியப்பா ஏன் பயிற்சிக்குப் போகவில்லை

பெரியப்பா ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். சண்டையா என்று சின்னவள் கேட்டாள். சண்டை இல்லை. சண்டையாக இருந்தால் நானே போய்ப் பேசித் தீர்த்திருப்பேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன். ஐ.டி.ஐ. வரை படித்தவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவர் எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் எங்கள் கம்பெனியில் வெல்டர். பெரியவள் சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவர்தான். அன்றைக்கு நான் ஓவர்டைம் வேலையில் இருந்தேன்.

எங்கள் லைன் முனையில் ஒரு பெரிய போர்டு உண்டு. ஒவ்வொருவர் போட்டோவுக்கும் நேராக, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம், அதில் நாலு பங்கு. கற்றுக்கொண்டிருப்பவனுக்கு ஒரு பங்கு கறுப்பு. அடுத்தவனுக்குச் சொல்லித்தரத் தெரிந்தவனுக்கு நாலும் கறுப்பு. காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்து, சூப்பர்வைசர் ஒவ்வொருவரையும் கேட்டு மார்க்கரால் நிரப்புவார்.

ரோபோ வரப்போகிறது என்று சொன்ன வருடம், புதிதாக வந்த ஹெச்.ஆர். சார் எங்களிடம் பேசினார். மாற்றத்தைக் கண்டு பயப்படாதீர்கள், ஒருவரையும் விட்டுவிட மாட்டோம், எல்லாரையும் வளர்த்துவிடுவோம் என்றார். நல்ல மனுஷன். நம்பித்தான் சொன்னார். அடுத்த வாரம் போர்டில் ‘ரோபோ’ என்று புதிதாக ஒரு வரிசை வந்தது.

பெரியப்பாவின் முறை வந்தபோது சூப்பர்வைசர் மார்க்கரைத் திறந்துகொண்டு, "உங்களுக்கு எவ்ளோண்ணா?" என்றார்.

"இன்னாத்த கேக்குற? நாலையும் ரொப்பு."

"இந்த ரோபோ வரிசை?"

"அதயும் ரொப்புப்பா. இங்க் தீந்துடுமா இன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்துக்கொண்டே நிரப்பினார். தன் லைனில் கறுப்பு வட்டம் அதிகமாக இருந்தால் அவருக்கும் நல்ல பேர்தான்.

ரோபோ என்ற ஒன்றை அதுவரை எங்களில் யாரும் கிட்டத்தில் கூடப் பார்த்ததில்லை. பின்னே ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்பீர்கள். நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் கேட்டுக்கு வெளியே கான்ட்ராக்டர் நின்று, "தெரியுமா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்பார். தெரியாது என்றவன் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியது. தெரியும் என்று சொல்லி உள்ளே போய், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்தான் நாங்கள் எல்லாரும். அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு அது வாய்க்கவில்லை. நான் பெயின்ட் ஷாப்பிலிருந்து வெல்டிங்குக்கு மாறிவந்த புதிது. பொய் சொன்னால் கூட நிற்பவர்களே அங்கேயே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். எனக்கு வெல்டிங்கில் ஒரு பங்கு, ரோபோவில் வெறும் வட்டம்.

"இன்னாடா, உன்னுது மூணாம் பிறையா கீது" என்று பெரியப்பா என் முதுகில் தட்டினார்.

பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது வெறும் வட்டக்காரர்களை மட்டும் எடுத்தார்கள். முழு வட்டத்துக்கு எதற்குப் பயிற்சி? முதல் நாள் நாங்கள் கிளாஸ் ரூமுக்குப் போகும்போது பெரியப்பா லைனிலிருந்து கத்தினார்: "ஸ்கூல் பசங்களா, வாட்டர் பாட்டில் எடுத்துக்கினீங்களா?" அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

பிறகு ரோபோக்கள் வந்து இறங்கின. சுற்றிலும் மஞ்சள் கம்பி வலை போட்டார்கள். கை வெல்டிங் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிடுவார்கள் என்பது பேச்சாகி, பிறகு நோட்டீஸ் ஆனது. பெரியப்பா சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

நான் ஹெச்.ஆர். சாரிடம் போனேன். அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். "சிஸ்டத்துல அவர் நாலுல இருக்காரு. நாலுல இருக்கறவருக்கு டிரெய்னிங்னு நான் எப்படிக் கேக்க முடியும்? குறைச்சுப் போடச் சொல்லி அவரே மீட்டிங்ல சொல்லட்டும். அடுத்த பேட்ச்ல கண்டிப்பா சேர்க்கறேன்."

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் பெரியப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ண்ணா, ஒரே ஒரு நிமிஷம். ரோபோ எனக்குத் தெரியாதுன்னு மீட்டிங்ல சொல்லிடுங்க. அடுத்த பேட்ச்ல போட்டுருவாங்க."

"யார் முன்னாடி சொல்லச் சொல்ற?"

"எல்லார் முன்னாடியும்தான். அது யாருக்குத்தான் தெரியும்ண்ணா? எனக்கும்தான் தெரியாதுன்னு சொன்னேன்."

"நீ சொல்லுவ. நீ நேத்து வந்தவன். அங்க நிக்கற பசங்க பாதிப்பேர் எங்கிட்ட கத்துக்கினவங்கடா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படப்பை ஸ்டாப் தாண்டும்போது சொன்னார். "ஒரு தபா தெரியாதுன்னு சொல்லிட்டா, தெரிஞ்சதும் தெரியாததாப் பூடும்."

ஆனாலும் ஒரு நாள் காலையில் மீட்டிங்குக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் நின்றார். வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சூப்பர்வைசர் வழக்கம்போலக் கேட்டார். பெரியப்பா கையைத் தூக்கினார்.

"சொல்லுங்கண்ணா."

பெரியப்பா போர்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"கேன்டீன்ல சாம்பார் ரொம்பத் தண்ணியா கீதுப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த பேட்ச் அவர் இல்லாமலே போனது. கை வெல்டிங் பகுதியை மூடினார்கள். பெர்மனென்ட் ஆள் என்பதால் அவரை அனுப்பவில்லை. டிராலி தள்ளும் வேலை கொடுத்தார்கள். ஸ்டோரிலிருந்து இரும்புத் துண்டுகளைக் கொண்டுவந்து ரோபோக்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதில் ஒரு ரோபோ என்னுடையது. எந்த இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டும் என்று பொத்தான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எனக்கே வெல்டிங் அரைகுறை. ஆரம்பத்தில் டிராலி வரும்போதெல்லாம் நிறுத்தி, "ண்ணா, இந்த மூலையில ஓட்டை விழுது, இன்னா பண்ணலாம்?" என்று அவரைக் கேட்பேன். ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை, "உனக்கு டிரெய்னிங் குடுத்த சாரைக் கேளு" என்று போய்விட்டார்.

ஒரு நாள் டிராலியை நிறுத்திவிட்டு, "பீஸ் வெச்சாச்சுங்க" என்றார்.

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என்னைத்தான் சொன்னார். இத்தனை வருடமாக ‘டா’ போட்டுக் கூப்பிட்டவர். "ஏண்ணா இப்டி?" என்று கேட்டேன். "வேல எடத்துல மரியாத வேணும்ல" என்று டிராலியைத் திருப்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உங்கள் பெரியம்மாதான் இருந்தார். "அவுரு வூட்ல எங்க கீறாரு? மணிமங்கலத்துல இரும்பு கேட்டு, கிரில்லு செய்யற பட்டறைக்குப் பூடறாரு. துட்டு கூட வாங்கறதில்ல. சும்மா வெல்டிங் அடிச்சுக்கினு கீறாரு" என்றார்.

வண்டியை அந்தப் பக்கம் விட்டேன். ரோட்டோரத் தகரக் கொட்டகை. முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, யார் வீட்டு ஜன்னலுக்கோ கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். பயிற்சி இன்னும் திறந்திருக்கிறது, இன்னொரு பேட்ச் வருகிறது என்று சொல்லத்தான் போயிருந்தேன்.

கம்பி மாற்றும்போது தடுப்பை இறக்கினார். என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார், வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. பிறகு தடுப்பை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நெருப்பு மறுபடி தெறிக்க ஆரம்பித்தது. வெறும் கண்ணால் அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது. நான் கிளம்பி வந்துவிட்டேன்.