மூன்று லிட்டரா, ஐந்து லிட்டரா

கல்யாணமாகி முதல் ஒரு வருஷம் நாங்கள் கோபிசெட்டிபாளையத்தில் மாமியார் வீட்டில் இருந்தோம். அங்கே சாப்பாட்டு நேரத்தில் யார் வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பது மட்டும் தெரியும். வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, சிங்காநல்லூரில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று வாடகைக்கு அமைந்தபோது, நான் யாருக்கும் தெரியாமல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

அந்த வீட்டின் சமையலறை மகா சின்னது. பிரிட்ஜ் கதவைத் திறக்க வேண்டுமென்றால் நான் வெளியே வந்துவிட வேண்டும். ஆனாலும் அது என்னுடையது. அதற்கு வேண்டிய பாத்திரங்களை நானே, யாருடைய யோசனையும் கேட்காமல் வாங்குவதென்று வைராக்கியமாக இருந்தேன். போனில் ஒரு செட் பார்த்தும் வைத்திருந்தேன். மூன்று லிட்டர் குக்கர், ஒரு வடைச்சட்டி, ஒரு தோசைக்கல், ஒரு பால் பாத்திரம். எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். பெட்டியின் மேலேயே ‘இருவருக்கு’ என்று அச்சடித்திருந்தார்கள். எனக்குப் பிடித்துப்போனதே அந்தச் சொல்தான்.

கெடுத்தது என் வீட்டுக்காரர். அவர் அம்மாவிடம் போனில் பேசும்போது, “பாத்திரம் எடுக்கோணும்” என்று வாயை விட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் நகை எடுப்பது, சேலை எடுப்பது, பாத்திரம் எடுப்பது எதுவானாலும் ஒரு ஆள் போய்ச் செய்கிற காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபியிலிருந்து ஒரு வேன் புறப்பட்டு டவுன்ஹால் பக்கத்துப் பாத்திரக்கடை வாசலில் வந்து நின்றது. மாமியார், மாமனாரின் அண்ணனான பெரிய மாமா, இன்னும் சித்தி, அத்தை என்று வேன் கொண்ட மட்டும் ஆட்கள். நாலு பாத்திரம் வாங்க இத்தனை பேரா என்று கடைக்காரர் நினைக்கவில்லை. ஏதோ கல்யாணச் சீர் என்று நினைத்து எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார்.

நான் போன் படத்தைக் காட்டினேன். கடையிலும் அதே மாதிரிப் பெட்டி இருந்தது. விற்பனையாளர், முப்பது வயதிருக்கும், பிரித்து வரிசையாக வைத்தார். பெரிய மாமா வடைச்சட்டியை எடுத்து மோதிர விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு மாமியாரிடம் நீட்டினார்.

“ஏனுங்க தம்பி, இது சொப்புச் சாமானுங்களா? கொழந்தைங்க வெளையாடறதுங்களா?” என்று மாமியார் கேட்டார். கிண்டலில்லை, உண்மையாகவே கேட்டார்.

“இல்லீங்கம்மா, புதுக்குடித்தனம் போறவங்களுக்குங்க. ரெண்டு பேருக்கு மூணு லிட்டர் குக்கர் தாராளமுங்க.”

“மூணாவதா ஒருத்தரு வந்தா?”

“நெருக்கிப் புடிச்சாப் பத்துமுங்க.”

“நாலாவதா?”

“அஞ்சு லிட்டர் போயிருங்க.”

“நாங்கெல்லாம் வரமாட்டமுங்க. ஒரு பேச்சுக்குக் கேட்டேன்,” என்றார் மாமியார், ஐந்து லிட்டரைத் தன் பக்கம் இழுத்தபடி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஜனங்கள் மரியாதையில் ஊறியவர்கள். ‘உன் வீட்டுக்கு வரலாமா’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘வராதீர்கள்’ என்று சொல்லவோ வாயே வராது. அதனால் அன்றைக்கு அந்தக் கடையில் நாங்கள் எல்லோரும் குக்கரைப் பற்றித்தான் பேசினோம். மூன்று லிட்டர் என்றால் நீங்கள் யாரும் வர வேண்டாம். ஐந்து லிட்டர் என்றால் மாமியார் வரலாம், மாமனார் கூட வரலாம். பெரிய மாமா எந்தக் குக்கரையும் தொடாமல், “நான் எங்கீங்க வரப்போறேன், டவுனுக்கு வந்தா ஓட்டல்ல தின்னுட்டுப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டு, “அந்த ஏழரை லிட்டரைச் சித்த எறக்குங்க” என்றார். அவர் மனைவி பத்து லிட்டர் குக்கரின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய சொந்தபந்தம் எவ்வளவு என்று அந்த அலமாரி முன்னால் லிட்டர் கணக்கில் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு இடுக்கியைக் கையில் எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். இடுக்கிச் சீட்டில் படிப்பதற்கு என்ன இருக்கும்? எனக்கு ஆத்திரமாக வந்தது.

எனக்கிருந்த ஒரே பக்கபலம் அந்த விற்பனையாளர். மூன்று லிட்டர் போதும் என்று சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

“தம்பிக்கு எந்த ஊருங்க?”

“சத்தி பக்கமுங்க.”

“அம்மா பொறந்த ஊரு?”

“கோபிங்க.”

அவ்வளவுதான், என் பக்கபலம் போயிற்று. யார் வீடு, எந்தத் தோட்டம் என்று நான்கு கேள்வி கேட்பதற்குள், மாமியாரின் சித்தி மகளைக் கட்டியவர் இவருடைய தாய்மாமன் என்று தெரிந்துவிட்டது. மாமியார் அவர் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். “அட, நீ எனக்கு மருமகன் மொறையல்ல கண்ணு!” அந்தக் கணக்கில் அவர் எனக்கு அண்ணன் ஆனார். அண்ணனானதும் அவர் பார்வை மாறியது. மூன்று லிட்டர் குக்கரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மணி, இது பத்தாதுங்க,” என்றார்.

“நீங்கதானே தாராளமுன்னு சொன்னீங்க?”

“அது வாடிக்கைக்காரங்களுக்குச் சொல்றதுங்க. நாளைக்கு உங்க கொழந்தைக்குக் காது குத்துனா, தாய்மாமன் மொறைக்கு நான் குடும்பத்தோட வரோணுமல்லங்க?”

எனக்கு அப்போது குழந்தையும் இல்லை, குத்துவதற்குக் காதும் இல்லை. ஆனால் அந்தக் காதுகுத்துக்குச் சோறாக்க எத்தனை லிட்டர் வேண்டும் என்று ஒரு பெருங்கூட்டம் என்னைச் சுற்றி நின்று பேச ஆரம்பித்தது. கடைக்காரர் இன்னொரு சுற்று டீ சொன்னார். ஒருவர் பிரியாணி அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்கு மூக்கு நுனியில் இருந்த கோபம் வெளியே வந்துவிட்டது.

“ரெண்டு பேருங்க! அந்த ஊட்டுல நாங்க ரெண்டே பேருங்க!” என்று கத்திவிட்டேன்.

மாமியார் முகம் சுண்டிப்போயிற்று. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அப்போதுதான் கரண்டி அலமாரிப் பக்கம் நின்றிருந்த என் அப்பா முன்னால் வந்தார். அவர் வேனில் வரவில்லை. வேனில் இடம் கேட்பது தொந்தரவு என்று வெள்ளகோவிலிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

“கண்ணு சொல்றது சரிதானுங்க,” என்றார் எல்லோரையும் பார்த்து. “மூணு லிட்டர் போதுமுங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா என் கட்சி! அவர் அந்தச் சின்னக் குக்கரை எடுத்து, மூடியை ஒரு கையால் சாய்த்து, லாவகமாக உள்ளே விட்டுப் பூட்டினார். கல்யாணத்துக்கு முன் அப்பா ஒரு காப்பி போட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

“அடியில அரிசி போட்டுக்கலாமுங்க. மேல ஒரு கிண்ணத்துல பருப்பு. அதும்மேலயே ரெண்டு கத்திரிக்காயும் வெச்சுக்கலாம். ஒரே தடவையில எல்லாம் வெந்துரும். காத்தால ஆக்குனா ராத்திரிக்கும் மிச்சம் இருக்கும். தண்ணி ஊத்தி வெச்சுட்டா மறுநாள் காத்தாலைக்கும் ஆச்சு.” பெரிய மாமாவுக்கு விளங்க வேண்டுமே என்று உற்சாகமாகச் செய்து காட்டினார். “பெரிய குக்கருன்னா கழுவறது கஷ்டமுங்க. ஒரு ஆளுக்கு இதே எச்சுங்க, மிஞ்சித்தான் போகும்.”

அம்மா என் கல்யாணத்துக்கு முந்தைய வருஷமே போய்விட்டாள். அப்பா எப்படிச் சாப்பிடுகிறார் என்று போனில் கேட்கும்போதெல்லாம், “அதெல்லாம் ஆச்சுங்க கண்ணு” என்பார். நானும் விட்டுவிடுவேன். அந்தக் கடையில், அத்தனை பேர் நடுவில், அவர் தினமும் சாப்பிடுவதை முதல்முறையாகப் பார்த்தேன். அங்கே வந்திருந்த ஒவ்வொருவரும் தன்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டு குக்கர் கேட்டார். தன்னைக் கழித்துவிட்டுக் கேட்டது என் அப்பா ஒருவர்தான்.

“அஞ்சு லிட்டரே போடுங்க,” என்றேன் விற்பனையாளரிடம்.

பெரிய மாமா தன்னால்தான் முடிந்தது என்று மீசையைத் தடவினார். புது அண்ணன் காதுகுத்துக்கு இப்போதே தயாரானார். அப்பா மட்டும் பதறினார்.

“எதுக்குங்க கண்ணு பெருசு? ரெண்டு பேருக்கு?”

“நீங்க பேசாம இருங்கப்பா!” என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். “சனிக்கிழமையானா பஸ் ஏறி வந்துருங்க. சாப்புட்டுட்டுத்தான் போகோணும்.”

“பாக்கலாமுங்க கண்ணு,” என்றார்.

எங்கள் ஊரில் ‘பாக்கலாம்’ என்றால் வரமாட்டேன் என்று பொருள்.

வரவும் இல்லை. நான் சனிக்கிழமைதோறும் மூன்று பேருக்கு ஆக்கினேன். அப்பா போனில் வெயிலைக் காரணம் சொன்னார், மழையைச் சொன்னார், ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரருடைய மாட்டைச் சொன்னார். மிஞ்சிய சோறு ஞாயிறு எலுமிச்சைச் சோறாகவும் திங்கள் தயிர்ச் சோறாகவும் வீட்டுக்காரரின் டிபன் பாக்சில் போயிற்று. இடுக்கி படித்த மனிதர்தானே, அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

மாமியார் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பிரிட்ஜைத் திறக்க நான் வெளியே வந்தபோது அவர் ஹாலுக்கே போக வேண்டியிருந்தது. நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, “சம்பந்தி வந்தாருங்களா?” என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

“சாப்புடக் கூப்புட்டா எப்படி அம்மணி வருவாரு? பொண்ணைக் கட்டிக்குடுத்த ஊட்டுல போயிக் கை நனைக்கறதுன்னா அவருக்குக் கூச்சமா இருக்கும். வேலை இருக்குதுன்னு கூப்புடு. ஓடி வருவாரு.”

அந்தக் கடையில் நான் கத்தியது இந்த அம்மாவைப் பார்த்துத்தான். காலில் விழலாமா என்று தோன்றியது. இடம் போதாது என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அதிகாலையில் குக்கர் மூடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு, “குக்கர் விசிலே வரமாட்டேங்குதுங்கப்பா. சோறே ஆக்க முடியல. எனக்குப் பயமா இருக்குதுங்க,” என்றேன். வெயில், மழை, மாடு எதுவும் குறுக்கே வரவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் வாசலில் நின்றார். மஞ்சள் பையில் ஸ்க்ரூடிரைவர், இரண்டு வால்வு, மூன்று அளவில் ரப்பர் வளையம், ஒரு கட்டு முருங்கைக்காய்.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். வளையம் இருக்க வேண்டிய இடம் வெறுமனே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். நான் முருங்கைக்காய் நறுக்குவதில் மும்முரமாக இருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல், பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து மாட்டினார். “விசிலு வருதான்னு பாக்கோணுமில்லைங்க கண்ணு, அரிசி போடுங்க,” என்றார். போட்டேன். விசில் வந்தது. வெந்த சோற்றைக் கொட்டவா முடியும்? உட்கார்ந்தார். முருங்கைக்காய்ச் சாம்பாரை இரண்டு முறை வாங்கி ஊற்றிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினேன்.

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“அடுத்த வாரம் என்னுங்க கண்ணு கெட்டுப்போகும்?”

“மிக்சிங்கப்பா,” என்றேன். “சனிக்கிழமை காத்தாலைக்கே கெட்டுப்போகும். நேரமே வந்துருங்க.”