தம்பியைத் தெரியாத இரத்தம்

"கையைக் காட்டு" என்பாள் இராசமலர். தொட மாட்டாள். தம்பி கவிநேசன் சன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கைகளை விரிப்பான். சிவப்புக் கூடியிருந்தால் தன் இடுப்பிலேயே ஓங்கி ஒரு குத்து விடுவாள்.

"அவனை விடு! அவன் ஆரெண்டு தெரியேல்லையோ உனக்கு?"

திட்டு வாங்குவது அவளுடைய இடுப்பெலும்பு. தொண்ணூற்றாறில் கவிநேசனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது, கூடப்பிறந்தவர்களில் அவளுடைய எலும்பு மஜ்ஜை மட்டுமே பொருந்தியது. அந்த இடுப்பெலும்பிலிருந்துதான் எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். பென்ரோஸ் பகுதி பிஸ்கட் தொழிற்சாலையில் தன்னோடு பெட்டி அடுக்கும் பெண்களுக்கெல்லாம், பொருத்தம் தெரிந்த அன்றே கேக் கொடுத்தாள். "என்ர ரத்தம் அவனைக் கைவிடாது."

இரண்டு மாதம் போகவில்லை. கவிநேசனின் தோல் வெந்ததுபோல் சிவந்து உரிந்தது. வயிற்றால் போவது நிற்கவில்லை. கண் மஞ்சளித்தது. டாக்டரம்மா ஆங்கிலத்தில் விளக்கியதை அவன்தான் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னான்.

"உன்ர செல்லுகளுக்கு நான் அந்நியனாம் அக்கா. அடிச்சுக் கலைக்கப் பாக்குதுகளாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து பாபடோயிட்டோய் புறநகரில் இருக்கும் தங்கள் வீட்டில் அவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பதென்றாலும் மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்கிறாள்.

அந்தச் செல்களை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். அவன் முகம் ஊதியது, பசி எடுத்தது, தோல் ஆறத் தொடங்கியது. அவள் மூச்சுவிட்ட நேரம் பார்த்து டாக்டரம்மா இன்னொன்று சொன்னார்: சண்டையை முழுக்க நிறுத்தக் கூடாது, ஒளிந்திருக்கும் புற்றையும் அதே செல்கள்தான் கொல்லும்.

"அப்ப நான் என்னெண்டு கும்பிடுறது? அடி எண்டோ, அடியாதை எண்டோ?"

அதற்குப் பிறகு அவள் பிள்ளையார் படத்தின்முன் கைகூப்பி, ஒன்றும் கேட்காமல் திரும்பி வருகிறாள்.

போன கிழமை நல்ல செய்தி. இரத்தத்தில் புற்று இல்லை. மாத்திரையை மெல்லக் குறைக்கலாம். குறைத்தால் மறுபடி தோல் சிவக்கலாம், வெயிலில் கவனம் என்றார்கள். அவள் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் தரிப்பிடத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் தொப்பி கொண்டுவரவில்லை.

"இரன் அக்கா, இடம் கிடக்கு."

"நீ பேசாமல் இரு."

அவன்மேல் தன் நிழல் விழும்படி முன்னால் நின்றுகொண்டாள். பஸ் வரத் தாமதமானது. வெயில் நகர நகர, அவளும் அரை அடி நகர்ந்தாள்.